ஏலே, ப்ராஜெக்ட் எங்கே வாங்குனே?

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற சாலையில், வாகைக்குளம் விமான நிலையத்துக்கு முன்னால் வருகிறது புதுக்கோட்டை. மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டை வேறு. இது துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் கடந்துபோகிற சின்ன ஊர். காலையில் கழுத்தில் அடையாள அட்டையோடு ரோட்டோரம் கல்லூரிப் பேருந்துக்குக் காத்து நிற்கிறவர்களில் பொறியியல் மாணவர்களும் உண்டு. இறுதியாண்டில் பொங்கல் விடுமுறை முடிந்துவிட்டால் அவர்களுக்குள் ஓடுகிற கேள்விதான் தலைப்பில் இருப்பது. இந்த ஊரில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரி இருக்கிற எந்த ஊரிலும் அதைக் கேட்கலாம்.

நெல்லை, மதுரை, சென்னை என்று எல்லா இடத்திலும் இதற்கென்றே ப்ராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. சில ஆயிரம் ரூபாய் கொடுத்தால் கோடு, அச்சடித்து பைண்டிங் செய்யத் தயாரான அறிக்கை, பிபிடி, வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகள், அவற்றுக்கான பதில்கள் எல்லாம் ஒரே கட்டாக வந்துவிடும். லேப்டாப்பில் ஓடவைத்துக் கொடுப்பதும் அந்தக் காசிலேயே அடக்கம். இதய நோயை முன்கூட்டிச் சொல்வது, இலையைப் பார்த்துப் பயிர் நோயைக் கண்டுபிடிப்பது, முகத்தைப் பார்த்து வருகை பதிவது என்று தலைப்புகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. சீனியர் காட்டிய அதே திரையை, பெயரை மட்டும் மாற்றி ஜூனியரும் காட்டுகிறான்.

மாணவர்களே ஒரு சின்ன ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதி ஓடவைக்க முடியுமா என்பதுதான் இந்த வாரம் எழுத வேண்டிய விஷயம். முடியும். பக்கத்து மாநிலத்தில் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆனால் விசாரிக்க விசாரிக்க என் மனசில் பெரிதாகி நின்றது இந்த வாங்குகிற பழக்கம்தான். ஓஎஸ் எழுதுகிற வேலை இந்தப் பழக்கத்துக்கு நேர் எதிரானது. அதனால்தான் அதைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன்.

கோழிக்கோடு என்.ஐ.டி.யின் கணினி அறிவியல் துறையிலிருந்து வந்த திட்டம் எக்ஸ்போஸ். அங்குள்ள ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து உருவாக்கியது. இதில் மாணவனுக்கு உண்மையான கணினிகூடக் கொடுப்பதில்லை. எக்ஸ்எஸ்எம் என்ற ஒரு கற்பனை இயந்திரத்தைப் போல நடந்துகொள்கிற சிமுலேட்டரைக் கொடுக்கிறார்கள். அதன் நினைவகம் 128 பக்கங்கள், பக்கத்துக்கு 512 சொற்கள். டிஸ்க்கில் 512 பிளாக்குகள். ஒரே நேரத்தில் 16 ப்ராசஸ்களுக்கு மேல் இடமில்லை. இந்தக் குட்டி உலகத்துக்குள் மாணவன் பூட் லோடரிலிருந்து தொடங்குகிறான். டைமர் இன்டரப்ட், கர்னல் ஸ்டாக், ரவுண்ட் ராபின் ஷெட்யூலர், ஃபோர்க், செமஃபோர், கோப்பு உருவாக்குவது, அழிப்பது, எழுதுவது, கடைசியில் நினைவகம் போதாதபோது பக்கங்களை டிஸ்க்குக்கு மாற்றி அனுப்பும் பேஜர் வரை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே போகிறான். எல்லாம் 28 கட்டங்கள். கடைசிக் கட்டம் ஒன்றுக்கு மேற்பட்ட கோர்களில் ஓடவைப்பது.

இதில் எனக்குப் பிடித்தது, ஒரு கட்டத்தில் பொய் சொன்னால் அடுத்த கட்டத்தில் மாட்டிக்கொள்வோம் என்பது. எட்டாவது கட்டத்தில் டைமரை அரைகுறையாக எழுதிவிட்டுப் போனவனுக்குப் பதினான்காவது கட்டத்தில் ஷெட்யூலர் நிற்காது. ஃபோர்க்கில் பக்கங்களைப் பங்கிடும்போது கணக்குத் தவறினால், அது எங்கோ ஒரு கோப்பைப் படிக்கும்போது வெளியே வரும். இதோடு கூடவே, அந்த ஓஎஸ்ஸில் ஓடும் நிரல்களுக்கான கம்பைலரையும் மாணவனே எழுதுகிற பாதை ஒன்றும் உண்டு. தன் கம்பைலரில் தொகுத்த நிரலைத் தன் ஓஎஸ்ஸில் ஓட்டிப் பார்க்கும் ஒரு இருபது வயதுப் பிள்ளையிடம் போய் யார் என்ன விற்க முடியும்? பாடக்குறிப்புகள், வழிமுறை எல்லாம் இணையத்தில் இலவசமாகத் திறந்தே கிடக்கின்றன.

நம் கல்லூரிகளில் ஓஎஸ் பாடம் இல்லையா? இருக்கிறது. லேபும் இருக்கிறது. எஃப்சிஎஃப்எஸ், எஸ்ஜேஎஃப், பாங்கர்ஸ் அல்காரிதம், பேஜ் ரீப்ளேஸ்மென்ட் என்று வரிசையாக சி நிரல்கள். ப்ராசஸ் எத்தனை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் என்று கேட்கும். எண்களைக் கொடுத்தால் சராசரிக் காத்திருப்பு நேரத்தைக் கணக்குப் போட்டுத் திரையில் காட்டும். ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடலாம். ஆனால் அங்கே எந்த ப்ராசஸும் ஓடவில்லை, எதுவும் காத்திருக்கவும் இல்லை. துறைமுகத்தில் கப்பல்களுக்கு பெர்த் ஒதுக்குவதைப் பற்றிய கணக்கைப் போட்டுவிட்டு, ஒரு கப்பலைக்கூடக் கண்ணால் பார்க்காமல் வீட்டுக்கு வருவது மாதிரிதான் அது.

உண்மையான கணினியில் ஒரு ஓஎஸ் எப்படித் தொடங்கும் என்று பாருங்கள். பழைய பயாஸ் இருக்கும் பிசியில் சுவிட்சைப் போட்டதும், டிஸ்க்கின் முதல் 512 பைட்டுகளை எடுத்து நினைவகத்தில் 31744 என்ற முகவரியில் வைத்துவிட்டு பயாஸ் ஒதுங்கிக்கொள்ளும். அந்த 512-ல் கடைசி இரண்டு பைட்டுகள் 85, 170 என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அது பூட் ஆகும் டிஸ்க்கே இல்லை என்று விட்டுவிடும். மீதி 510 பைட்டுக்குள் மாணவன் தன் முதல் வேலையைச் செய்தாக வேண்டும். அங்கே பிரிண்ட்எஃப் கிடையாது. லைப்ரரி கிடையாது. திரையில் ஒரு எழுத்து தெரிய வேண்டுமானால், டெக்ஸ்ட் மோடில் 80 பத்தி, 25 வரிக்கு ஒதுக்கிய 4000 பைட் பரப்பில் தானே போய் எழுத வேண்டும். ஒரு பைட் எழுத்துக்கு, இன்னொரு பைட் நிறத்துக்கு. கீபோர்டில் எந்தச் சாவி அழுந்தியது என்று 96-வது போர்ட்டில் தானே போய்ப் படிக்க வேண்டும். நொடிக்கு 11,93,182 முறை துடிக்கிற டைமர் சிப்பை வகுத்து, நொடிக்கு நூறு முறை தன்னை எழுப்பும்படி சொல்லிவைக்க வேண்டும்.

தப்பு செய்தால் எரர் மெசேஜ் வராது. தப்பைக் கையாளப் போன இடத்தில் இன்னொரு தப்பு, அதைக் கையாளப் போனால் மூன்றாவது. மூன்றாவதில் ப்ராசஸர் கைவிட்டுவிட்டு மெஷினையே ரீஸ்டார்ட் செய்துவிடும். ட்ரிபிள் ஃபால்ட் என்பார்கள். திரை இருண்டு, வெளுத்து, மறுபடி இருண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு செமிகோலனைத் தேடிப் பழகிய மாணவன் இங்கேதான் முதல்முறையாக யோசிக்க ஆரம்பிக்கிறான். எந்த வரி வரைக்கும் உயிரோடு இருந்தோம் என்று தெரிந்துகொள்ள திரையின் மூலையில் ஒரு எழுத்தைப் போட்டுப் பார்ப்பான். அது தெரிந்தால் இன்னும் இரண்டு வரி தள்ளிப் போடுவான். இந்தப் பொறுமையைக் கட்டாகக் கட்டி யாரும் விற்க முடியாது.

ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1991 ஜனவரியில் ஒரு 386 கணினி வாங்கினார். பல்கலைக்கழகக் கணினியோடு பேச ஒரு டெர்மினல் நிரல் எழுதினார். இறக்கிய கோப்புகளைச் சேமிக்க டிஸ்க் டிரைவர் தேவைப்பட்டது, அதன் பிறகு கோப்பு முறைமை தேவைப்பட்டது. ஆகஸ்டில் அறிவித்தார், செப்டம்பரில் லினக்ஸின் முதல் பதிப்பை வெளியிட்டார். சுமார் 10,000 வரிகள். அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. அவருக்கு முன்னால் ஆம்ஸ்டர்டாமில் ஒரு வாத்தியார், ஆண்ட்ரூ டானன்பாம், மாணவர்கள் படிக்கட்டும் என்றே 1987-ல் மினிக்ஸ் என்ற சின்ன ஓஎஸ்ஸை எழுதிப் புத்தகத்தோடு கொடுத்திருந்தார். லினக்ஸ் அந்த மினிக்ஸில் உட்கார்ந்து எழுதப்பட்டது. அதற்கும் முன்னால், 1970-களில், ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூல நிரலை முழுக்க அச்சடித்து, பகுதி பகுதியாக விளக்கம் எழுதி வகுப்பில் கொடுத்தார். அடுத்த பதிப்பிலிருந்து மூல நிரலை வகுப்பில் பயன்படுத்த உரிமம் தடை போட்டது. புத்தகமாக அது முறையாக வெளிவந்தது 1996-ல்தான். இடைப்பட்ட சுமார் இருபது வருஷமும் அது ஜெராக்ஸின் ஜெராக்ஸாகக் கைமாறி, உலகம் முழுவதும் ஒரு தலைமுறைக்கே பாடமானது. ஜெராக்ஸ் கடையில் நம் பிள்ளைகளும்தான் நிற்கிறார்கள். எதை நகலெடுக்க நிற்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் கவலை.

அந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பை இன்றைய ப்ராசஸருக்காகத் திரும்ப எழுதியதுதான் எக்ஸ்வி6. 2006-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் தொடங்கியது. மொத்தமே 21 சிஸ்டம் கால்கள். முழு நிரலையும் அச்சடித்தால் சுமார் நூறு பக்கம். சென்னை ஐஐடியிலிருந்து என்பிடிஇஎல் வழியாக வரும் ஓஎஸ் அறிமுகப் பாடம் இந்த எக்ஸ்வி6-ஐ வைத்துத்தான் நடத்தப்படுகிறது. வீடியோக்கள் இலவசம். புதுக்கோட்டையில் இருக்கும் ஒரு மாணவிக்கு இதற்கு என்ன வேண்டும்? அண்ணன் பயன்படுத்தித் தூக்கிப்போட்ட லேப்டாப் போதும். அதில் லினக்ஸ், ஜிசிசி, கியூஇஎம்யூ எமுலேட்டர். எல்லாமே இலவசம். எமுலேட்டரில் ஓட்டுவதால் எத்தனை முறை ட்ரிபிள் ஃபால்ட் ஆனாலும் மெஷினுக்கு ஒன்றும் ஆகாது. செலவு என்று பார்த்தால் மொபைல் டேட்டாவும் சில மாதத் தூக்கமும்தான்.

தமிழ் மாணவருக்கு மட்டுமே வாய்க்கிற ஒரு வேலை இதில் இருக்கிறது. தன் ஓஎஸ்ஸின் திரையில் தமிழைக் கொண்டுவருவது. டெக்ஸ்ட் மோடில் வழக்கமாக 256 எழுத்து வடிவங்களுக்கு இடம். தமிழ் எழுத்து 247. அடக்கிவிடலாம் என்று தோன்றும். ஆங்கிலத்துக்கும் எண்களுக்கும் எங்கே போவது? அது போகட்டும், ஒவ்வொரு எழுத்துக்கும் கிடைக்கிற கட்டம் 8 புள்ளி அகலம், 16 புள்ளி உயரம். அதற்குள் 'ண'வே திணறும், 'ணௌ'வை எங்கே வைப்பது? ஆகவே கிராஃபிக்ஸ் மோடுக்குப் போய், புள்ளி புள்ளியாகத் தானே வரைய வேண்டும். அங்கே அடுத்த சிக்கல் வரும். யூனிகோடில் 'கெ' என்பது க, அதன் பின் ஒற்றைக்கொம்பு என்றுதான் சேமிக்கப்படும். திரையிலோ கொம்பு முன்னால் வர வேண்டும். தமிழ்99 விசைப்பலகையில் மாணவி முதலில் க-வை அடிக்கிறாள், ஓஎஸ்ஸின் மையமான கர்னல் க-வை வரைந்துவிடுகிறது. அடுத்து எ-வை அடிக்கிறாள். இப்போது வரைந்ததை அழித்து, கொம்பைப் போட்டு, க-வை ஒரு கட்டம் தள்ளி வரைய வேண்டும். 'கொ' என்றால் இரண்டு பக்கமும் ஆள் நிற்கும். பேக்ஸ்பேஸ் அடித்தால் முழு எழுத்தும் போக வேண்டுமா, கொம்பும் காலும் மட்டும் போய் க நிற்க வேண்டுமா? இதை முடிவு செய்ய வேண்டியது அந்த மாணவிதான். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒரே 16 பிட் எண்ணைத் தரும் டேஸ்16 குறியாக்கத்தை 2010-ல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து அறிவித்தது. தன் கர்னலுக்குள் அதைப் பயன்படுத்தி வரைவதை எளிதாக்கிக்கொண்டு, கோப்பில் எழுதும்போது மட்டும் யூனிகோடுக்கு மாற்றலாமா என்று ஒரு மூன்று பேர் குழு ஒரு செமஸ்டர் முழுக்கச் சண்டை போடலாம். எந்த ப்ராஜெக்ட் சென்டரிலும் இதற்குத் தயார் பதில் கிடையாது. இப்படி ஒரு ப்ராஜெக்டை ஒரு வைவாவிலாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை.

வேலை தரும் நிறுவனங்கள் ஜாவாவும் கிளவுடும்தான் கேட்கின்றன, கர்னலை யாரும் கேட்பதில்லை என்று சொல்லும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான கேம்பஸ் இன்டர்வியூக்களுக்கு அது பொருந்தும்தான்.

ஆனால் 2024 ஜூலை 19-ஐ மறக்க முடியுமா? ஒரு பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த அப்டேட் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. நம் நாட்டு விமான நிலையங்களில்கூட போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம் பிறகு வெளிவந்தது. கர்னலுக்குள் ஓடும் அந்த நிரல் எதிர்பார்த்தது 21 உள்ளீடு, கொடுக்கப்பட்டிருந்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதைப் படிக்கப்போய், எட்டக் கூடாத நினைவகத்தை எட்டியது. வெளியே ஓடும் சாதாரண நிரல் இதைச் செய்திருந்தால் அது மட்டும் செத்திருக்கும். கர்னலுக்குள் நடந்ததால் மொத்த மெஷினும் விழுந்தது. எக்ஸ்வி6-ல் ஒரு அரேயின் எல்லையைத் தாண்டிப் படித்து, கண் முன்னால் கர்னல் பேனிக் ஆவதைப் பார்த்த மாணவனுக்கு இந்தச் செய்தியை ஒரே வரியில் விளக்கிவிடலாம். வாங்கிய ப்ராஜெக்டோடு பட்டம் பெற்றவனுக்கு ஒரு மணி நேரம் பேசினாலும் ஏறாது. அவனும்தான் நாளைக்கு யாரோ ஒருவரின் மருத்துவமனைக்கும் வங்கிக்கும் நிரல் எழுதப்போகிறான்.

துறைமுக ஊர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான பாடம் 2017 ஜூனில் நடந்தது. உலகைச் சுற்றிய ஒரு வைரஸ் தாக்குதலில் மும்பை அருகே ஒரு கண்டெய்னர் முனையத்தின் கணினிகள் முடங்கி, சரக்கு கையாள்வது தடைபட்டது. எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது என்று கணினி சொன்னால்தான் கிரேன் அசையும். புதுக்கோட்டை வழியாகப் போகிற ஒவ்வொரு லாரியும் அப்படி ஒரு கணினியை நம்பித்தான் போகிறது.

நம்மவர்கள் அடித்தளத்திலிருந்து செய்ததே இல்லையா என்றால், செய்திருக்கிறார்கள். சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸர் திட்டம் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த வடிவமைப்பில் சிப்பையே உருவாக்கியது. 2018-ல் அதில் லினக்ஸ் பூட் ஆனது. எக்ஸ்வி6-உம் 2019-லிருந்து அதே ரிஸ்க்-ஃபைவ் வடிவமைப்புக்கு மாறிவிட்டது. அதில் ஒரு ப்ராசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடம் மொத்தமே 14 ரெஜிஸ்டர்களைச் சேமித்து, 14-ஐ எடுத்துப்போட்டு, திரும்பிவிடும் ஒரு சின்ன அசெம்பிளி. அந்த வரிகளைப் புரிந்துகொண்டவருக்கு சென்னையில் வடிவமைத்த சிப்பும் அந்நியமல்ல. இன்னொரு பக்கம், ராக்கெட்டுகளுக்கென்றே உருவாக்கிய 32 பிட் விக்ரம் 3201 ப்ராசஸர் 2025 மார்ச்சில் இஸ்ரோவிடம் ஒப்படைக்கப்பட்டது. இதே தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று புதிய ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். சிறிய ராக்கெட்டுகள் இலங்கையைச் சுற்றி வளையாமல் நேராகத் தெற்கே போகலாம் என்பதற்காகத் தேர்ந்த கடற்கரை அது. அந்த ராக்கெட்டுகளுக்குள் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டிய நிரல்களை யார் எழுதப்போகிறார்கள்? நம் மாவட்டத்துப் பிள்ளைகள் வெளியே வேலி ஓரமாக நின்று ராக்கெட் போவதை செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தால் எனக்கு மனசு ஆறாது.

இப்போது புதிதாக ஒரு பயம் சேர்ந்திருக்கிறது. கடைக்குப் போகவே வேண்டாம், ஏஐ சாட்பாட்டிடம் கேட்டால் பூட் லோடரை அதுவே எழுதித் தந்துவிடும். ஷெட்யூலரையும் தரும். ஆகவே ஓஎஸ் ப்ராஜெக்ட் கொடுத்துவிட்டால் மட்டும் பிரச்சினை தீர்ந்துவிடாது. தீர்வு வைவா அறையில்தான் இருக்கிறது. இருபது நிமிஷம் பிபிடி பார்த்துவிட்டு அனுப்பாமல், எக்ஸாமினர் ஒரு வரியை மாற்றச் சொல்ல வேண்டும். டைமரை நொடிக்கு நூறிலிருந்து பத்தாக்கு, என்ன ஆகும் என்று முதலில் சொல், பிறகு ஓட்டிக் காட்டு. ஷெட்யூலரில் லாக்கை எடுத்துவிடு, இரண்டு கோரில் ஓட்டு, எங்கே உடையும்? 'கொ' அடித்து பேக்ஸ்பேஸ் தட்டு, ஏன் இப்படி வைத்தாய்? எழுதியவர் இதற்குக் கண் மின்னப் பதில் சொல்வார். எழுதாதவர் அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்றே தேடுவார். இதற்கு எக்ஸாமினரும் கொஞ்சம் தயாராக வர வேண்டியிருக்கும். ஒரு நாளில் முப்பது பேரைப் பார்க்க வேண்டிய அவருக்கு அந்த நேரத்தைக் கொடுப்பது கல்லூரிகளின் பொறுப்பு.

ப்ராஜெக்டைக் கடைசிச் செமஸ்டரில் தொடங்குவதால்தான் பாதிப் பேர் கடைக்கு ஓடுகிறார்கள் என்று நினைக்கிறேன். மூன்று பேர் குழு, ஏழாம் செமஸ்டரின் முதல் வாரத்திலேயே தொடங்கட்டும். முதல் ரிவ்யூவுக்கு 512 பைட்டும் திரையில் ஒரு எழுத்தும் போதும். இரண்டாவது ரிவ்யூவுக்கு டைமரும் இரண்டு ப்ராசஸ்கள் மாறி மாறி ஓடுவதும். மூன்றாவதுக்கு ஒரு கோப்பைத் திறந்து படிக்கிற, தமிழில் பதில் சொல்கிற ஒரு ஷெல். இடையில் எத்தனை முறை விழுந்தது, ஏன் விழுந்தது என்று தேதி போட்டு எழுதிய நோட்டு ஒன்றையும் மதிப்பெண்ணுக்குச் சேர்த்துக்கொள்ளட்டும்.